காணாமற்போன காளைக்கன்றுகள்

1919-இன் தொடக்கத்தில் காந்தி நொடிந்த உடம்போடு படுக்கையில் கிடந்தார். முந்தைய ஆண்டு கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க அலைந்தபோது பிடித்த சீதபேதி அவரை உருக்கிவிட்டிருந்தது. பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்றார் டாக்டர் தலால். பால் குடிப்பதில்லை என்று விரதம் பூண்டிருப்பதாகக் காந்தி சொல்ல, என்ன காரணத்துக்காக என்று மருத்துவர் விசாரித்தார். பசுவுக்கும் எருமைக்கும் செய்யப்படும் ‘பூக்கா’ என்ற கொடுமையைக் காந்தி விளக்கினார். கட்டிலருகே நின்றிருந்த கஸ்தூர்பா, அப்படியானால் ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். அன்று தொடங்கிய ஆட்டுப்பால் காந்தியின் கடைசிக்காலம் வரை தொடர்ந்தது. விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டோம் என்ற உறுத்தலை அவர் தன் வரலாற்று நூலில் மறைக்கவில்லை.

ஆட்டுப்பால் கதை எல்லோருக்கும் தெரியும். பூக்காவைப் பற்றித்தான் நம் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, மாடுகள் படும் பாட்டை விவரிக்கும் சில வெளியீடுகள் கல்கத்தாவிலிருந்து அவருக்குக் கிடைத்தன. பால் காமத்தைத் தூண்டும் என்று, அவர் ஆன்மிக வழிகாட்டியாக மதித்த ராய்சந்த்பாய் சொன்னதும் அவர் மனத்தில் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் கல்லன்பாக்கோடு சேர்ந்து அவரைப் பாலை விடச் செய்தன. முதல் காரணம் பிரம்மச்சரியம், இரண்டாவது ஜீவகாருண்யம். தலாலிடம் பேசும்போது அவர் இரண்டாவதைத்தான் சொன்னார்.

பசுவின் பிறப்புறுப்பில் குழலையோ வேறெதையோ வைத்துக் காற்றை ஊதினால், மடியில் தங்கியிருக்கும் பால் இறங்கும். இதுதான் பூக்கா. இதைக் கல்கத்தா நகரத்துப் பால்காரர்கள் செய்ய நேர்ந்ததற்குக் காரணம் வெறும் குரூரம் அல்ல. கன்று முட்டிக் குடித்தால்தான் நம் நாட்டுப் பசுவும் எருமையும் பால் இறக்கும். கன்றின் வாய் பட்டதும் தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் ரத்தத்தில் கலக்கிறது. அது மடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் காம்பில் பால் வரும். ஆனால் நகரத்துக் கொட்டிலில் கன்றை வைத்துக்கொள்ள இடமும் இல்லை, மனமும் இல்லை. அது குடிக்கும் பால் விற்கும் பால். கன்று போனால் பசு மடியை அடக்கிக்கொள்ளும். அந்த அடக்கலை உடைக்கக் கண்ட வழியே பூக்கா. அதற்கு ஆளான பசு மறுபடி சினைபிடிக்காமல் போவதும், பால் வற்றியதும் கசாப்புக்குப் போவதும், அதன் இடத்துக்குக் கிராமத்திலிருந்து இன்னொரு நல்ல கறவை வந்து சேர்வதும் அன்றைய பெருநகரங்களில் வழக்கமாகவே இருந்தது.

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 12-ஆம் பிரிவில் பூக்காவைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. பால் சுரப்பைக் கூட்ட உடம்புக்குக் கேடான எதையும் ஊசியாகப் போடுவதும் அதே பிரிவில் அடங்கும். சட்டம் வந்த பிறகு குழல் போய் ஊசி வந்தது. கன்றின் வாய் பட்டதும் தாயின் உடம்பு தானே சுரக்க வேண்டிய ஆக்சிடோசினையே சின்னக் குப்பியில் வாங்கிக் கழுத்தில் ஏற்றினார்கள். இது எவ்வளவு பரவியதென்றால், 2018-இல் நடுவண் அரசு அந்த மருந்தைத் தனியார் நிறுவனங்கள் தயாரிக்கவே தடை விதித்தது. பிரசவத்தில் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தும் அதுதான் என்பதால் வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் தடை ரத்தானது. மாட்டுக் கொட்டிலில் நடக்கும் முறைகேட்டை நிறுத்தப் போய், பிள்ளைபெற்ற பெண்களின் உயிர்மருந்துக்கே தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற அச்சம் அந்த வழக்கின் பின்னணியில் இருந்தது.

நம் ஊர்ப் பக்கம் இதே சிக்கலுக்கு இன்னொரு தீர்வு இருந்தது. கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, கறக்கும் நேரத்தில் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் இறக்கும். தோல்கன்று, குழல், ஊசி என்று கருவிகள் மாறினாலும் மூன்றும் பிறந்தது ஒரே காரணத்தால்தான்: கன்று அங்கே இல்லை. பாலைத் தவிர்ப்பவர்களின் வாதத்தைப் புரிந்துகொள்ள அந்த இல்லாத கன்றைத்தான் தேட வேண்டும் என்பது என் எண்ணம். மாட்டை அடிக்கிறார்கள், அழுக்குக் கொட்டிலில் கட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுகள் உண்மையாகவே இருந்தாலும் அவை இரண்டாம்பட்சம். அவற்றையெல்லாம் நல்ல பண்ணைக்காரர் ஒருவர் சரிசெய்துவிட முடியும். கன்றை அவராலும் சரிசெய்ய முடியாது.

இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. சிரியாவின் மஅர்ரத் அல்-நுஃமான் ஊரில் 973-இல் பிறந்து, சின்ன வயதிலேயே அம்மையில் பார்வையை இழந்த அரபுக் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி. அவர் இறைச்சியோடு பால், முட்டை, தேன் எல்லாவற்றையும் விட்டார். இறைவன் அனுமதித்ததை ஏன் மறுக்கிறீர் என்று ஃபாத்திமியப் பேரரசின் தலைமைச் சமயப் பரப்பாளர் அல்-முஅய்யத் கடிதத்தில் கேட்டார். குட்டியை அறுத்தால் தாய் உறங்காமல் துயருறுகிறது, குட்டிக்கு உரிய பால் அறுத்தவனுக்கே போகிறது என்பது மஅர்ரியின் பதிலில் ஒரு பகுதி. தம் வருமானம் சொற்பம் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். பிந்தைய காரணத்தை நான் பெரிதும் ரசித்தேன். கொள்கையை மட்டும் சொன்னால் மதவிரோதி என்று பட்டம் கட்டுவார்கள். ஏழ்மையைச் சொன்னவரை யாரும் என்ன செய்துவிட முடியும்?

ஐரோப்பாவில் இந்த வாதம் அமைப்பாகத் திரண்டது வெகு பின்னால். பிரிட்டிஷ் மரக்கறி இதழ்களில் பாலும் முட்டையும் நியாயமா என்ற சர்ச்சை 1909 முதல் சில ஆண்டுகள் நடந்து ஓய்ந்தது. 1944-இல் மரச்சாமான் வேலை கற்றுத்தந்த டொனால்ட் வாட்சன் என்ற ஆசிரியரும் நண்பர்கள் சிலரும், பால் சேர்க்காதவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று மரக்கறிச் சங்கத்தைக் கேட்டார்கள். சங்கம் மறுத்தது. அவர்கள் பிரிந்துபோய் அமைத்ததுதான் வீகன் சொசைட்டி. சங்கத்தின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பாலையும் வெண்ணெயையும் காட்டித்தான் இறைச்சி இல்லாமல் வாழலாம் என்று அவர்கள் ஊருக்குச் சொல்லிவந்தார்கள். அந்தத் தட்டையும் பிடுங்கினால் பிரசாரமே நின்றுபோகும். இந்தியச் சைவ வீடுகளில் பால் பற்றிய பேச்சு எழும்போது வரும் சங்கடமும் இதே ரகம்தான்.

இனி கணக்கு. பசு கன்று போட்டால்தான் பால் உண்டு. சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல், கறவைக்காலம் பத்து மாதம்போல. பால் தொடர வேண்டுமானால் கன்று போட்ட இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சினை ஊசி போட வேண்டும். பிறப்பதில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்று. ஏர் பூட்டவும் வண்டி இழுக்கவும் கவலை இறைக்கவும் காளை வேண்டியிருந்தவரை, கிடேரியைவிடக் காளைக்கன்று பிறப்பதுதான் பல வீடுகளில் சந்தோஷம். டிராக்டரும் மோட்டாரும் வந்த பிறகு அது தின்னும் தீனிக்குக் கணக்குக் காட்ட முடியாத உயிராகிவிட்டது.

2019-இல் எடுக்கப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19.25 கோடி (எருமை தனி). அதில் பசு இனம் 14.51 கோடி. காளை இனம் 4.74 கோடிதான். ஏழே ஆண்டில் பசுக்கள் சுமார் 18 விழுக்காடு கூடின, காளைகள் 30 விழுக்காடு குறைந்தன. பாதிக்குப் பாதி பிறக்கும் இனத்தில் ஒரு காளைக்கு மூன்று பசு நிற்கிறது. இடையில் உள்ள ஏறத்தாழப் பத்துக் கோடி வித்தியாசம் எங்கே போனது? சில கன்றுகள் பால் கொடுக்கப்படாமல் சாகின்றன, சில தெருவில் விடப்படுகின்றன, மற்றவை கைமாறி அடிமாடாகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டம் இருக்கும் நாட்டின் கணக்கு இது. கோசாலைகளைக் கூட்டினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. அதே கணக்கெடுப்பு தெருவில் திரியும் மாடுகளை 50 லட்சம் என்று எண்ணியது. ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும் அதில் முன்னணியில் நிற்கின்றன.

எருமைக்குக் கோமாதா என்ற கவசம்கூடக் கிடையாது. நாட்டின் பாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எருமை தருகிறது. ஆனால் யாரும் எருமையைக் காக்க ஊர்வலம் போவதில்லை. எருமைக் கடாக்கன்றுகள் பட்டினியில் சாக விடப்படுவது அரசுக்கே தெரிந்துதான் இருந்தது. அவற்றை மீட்டு வளர்க்க நடுவண் கால்நடைத் துறை தனித் திட்டமே போட்டது. வளர்ப்பது இறைச்சிக்காக. எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இந்தியா நிற்பதும், பால் உற்பத்தியில் 1990-களின் இறுதியிலிருந்து முதலிடத்தில் இருப்பதும் தற்செயலாக ஒன்றாக நடந்தவை அல்ல.

இதை வெளிப்படையாகச் சொன்னவர் வெண்மைப் புரட்சியின் நாயகர் வர்கீஸ் குரியன். பசுவதைத் தடை கோரி 1966-இல் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்ட போராட்டத்துக்குப் பிறகு, நீதிபதி சர்க்கார் தலைமையில் ஒரு குழு 1967-இல் அமைந்தது. அதில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் கோல்வால்கரும் பூரி சங்கராச்சாரியாரும் இருந்தார்கள், குரியனும் இருந்தார். பயன் தராத மாடுகளை விலக்கினால்தான் பால் பொருளாதாரம் நிற்கும், ஆகவே முழுத் தடை கூடாது என்பதே தன் தரப்பு என்று குரியன் பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதினார். குழு பன்னிரண்டு ஆண்டு இழுத்து, அறிக்கை தராமலேயே கலைந்தது. பாலைத் தவிர்ப்பவர்கள் குரியனை எதிரியாகப் பார்க்கலாம். ஆனால் அவர்களுடைய மைய வாதத்துக்கு அவரைவிடத் தகுதியான சாட்சி கிடைக்காது. பாலும் இறைச்சியும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள் என்று அவர்கள் சொல்கிறார்கள். அவரும் அதையே சொன்னார், வேறு நோக்கத்தோடு.

வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் பழியை அறுப்பவனோடு நிறுத்துவதில்லை. தின்பவர் இருப்பதால்தான் விலைக்கு விற்பவர் இருக்கிறார் என்று வாங்குபவரிடம் கொண்டுவந்து சேர்க்கிறார். பாலைப் பற்றி அங்கே பேச்சில்லை, அவர் காலத்தில் காளைக்கு வேலை இருந்தது. ஆனால் அந்தத் தர்க்கத்தை எடுத்து இன்றைய பால் பாக்கெட்டின் மேல் வைத்தால் அது அப்படியே பொருந்துகிறது. வாங்கும் கை சுத்தம், அறுக்கும் கை மட்டும் அழுக்கு என்ற பிரிவினை நிற்காது.

நடைமுறையில் அந்தப் பிரிவினைதான் சாதியாகவும் மதமாகவும் இறங்கியிருக்கிறது. கறவை வற்றிய மாட்டை விற்பவர் ஒருவர், அதை வாங்கி ஏற்றிச் செல்பவர் இன்னொருவர், செத்ததைத் தூக்கித் தோலுரிப்பவர் மற்றொருவர். அடி விழுவது கடைசி இருவர் மேல்தான். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா வட்டத்தில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். இந்தியாவின் கூட்டுறவுப் பால் இயக்கம் பிறந்த மாநிலம் அது. அதன்பின் அங்கே தலித்துகள் செத்த மாடுகளை இனித் தூக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். பால் தரும் மாட்டின் முழு ஆயுளையும் ஊர் ஒருநிமிடமாவது கண்ணெதிரே பார்க்க நேர்ந்தது அப்போதுதான்.

தமிழ்நாட்டுச் சட்டம் இதில் கொஞ்சம் நேர்மையானது என்றே சொல்வேன். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழ் பெற்று அறுக்கலாம். கேரளத்தில் தடையே இல்லை. பொள்ளாச்சிச் சந்தையில் ஏற்றப்படும் மாடுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே போவது ஊருக்கே தெரியும். 2017 மே மாதம் நடுவண் அரசு சந்தைகளில் அறுப்புக்கு மாடு விற்பதைத் தடுத்து விதி போட்டபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது. அந்த விதியால் முதலில் அடிபட இருந்தது கறிக்கடை அல்ல, இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பம். வற்றிய மாட்டை விற்ற காசில்தான் அடுத்த சினைமாட்டுக்கு முன்பணம் புரளும்.

பாலைத் தவிர்ப்பவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். நிலமில்லாத பெண் ஒருத்திக்கு வரப்புப் புல்லையும் தவிட்டையும் காசாக்கித் தரும் ஒரே எந்திரம் மாடு. கூட்டுறவுச் சங்கத்தில் வாரத்துக்கொரு முறை கைக்கு வரும் பணம் அவளுடையது, கணவனின் மதுக்கடைக்குப் போகாத பணம். அவளிடம் போய்க் கன்றின் உரிமை பேசுவது அபத்தம் மட்டுமல்ல, முகவரி தப்பிய வாதம். வாதம் போய்ச் சேர வேண்டிய இடம், மாற்றுப் புரதமும் தேர்வு செய்யக் காசும் உள்ள நகரத்து வீடு. நான் படித்த வீகன் பிரசுரங்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் காண்பதில்லை. அதே சமயம் அந்தப் பெண்ணைக் கேடயமாக முன்னால் நிறுத்திக்கொண்டு, தினம் இரண்டு லிட்டர் வாங்கும் குடும்பம் தப்பித்துக்கொள்வதும் சரியாகாது.

கன்றுக்கு உண்மையில் துயரம் உண்டா, நாம் நம் உணர்வை அதன் மேல் ஏற்றுகிறோமா என்று கேட்பவர்களும் உண்டு. மேலைநாட்டுப் பண்ணைகளில் கன்று பிறந்த ஓரிரு நாளிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், திரையில் ஒரு நிறம் தெரிந்தால் பால் கிடைக்கும், இன்னொன்று தெரிந்தால் தண்டனை என்று கன்றுகளைப் பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுப்பட்ட நிறங்களைக் காட்டினார்கள். தாயைப் பிரித்த பிறகு கன்றுகள் அந்த நடுநிறங்களைக் கெட்ட சகுனமாகவே எடுத்துக்கொண்டு ஒதுங்கின. சூட்டுக்கோலால் கொம்புக் குருத்தைத் தீய்த்த பிறகும் அதே போக்கு. மனச்சோர்வடைந்த மனிதர்களும் தெளிவற்றதை இப்படித்தான் வாசிப்பார்கள். பிறந்த உடனே பிரித்தால் கூக்குரல் குறைகிறது என்ற கண்டுபிடிப்பும் இருக்கிறது. பண்ணைத்தொழில் தன் வழக்கத்துக்கு ஆதாரமாக அதைக் காட்டுகிறது. தாமதமாகப் பிரித்தால் வலி அதிகம் என்பது பிரிக்கலாம் என்பதற்கு ஆதாரம் ஆகிவிடுமா என்று தவிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். எனக்கு இதில் அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

அறுக்காமலேயே பால் எடுக்க முடியாதா? இங்கிலாந்தில் ஹரே கிருஷ்ணா பக்தர்களின் பண்ணைகளில் செய்கிறார்கள். காளையும் கிழப்பசுவும் இயற்கையாகச் சாகும்வரை பராமரிக்கப்படுகின்றன. விலை கடைப்பாலைப் போல் பல மடங்கு. ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பசு இருபது ஆண்டு வாழ்கிறது, அதில் எட்டு ஆண்டு கறக்கிறது, ஐந்து ஈற்று என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக இரண்டரைக் காளைக்கன்று. ஒவ்வொன்றும் பதினெட்டு ஆண்டு வாழ்ந்தால் 45 ஆண்டுத் தீனி. பசுவின் கறவையில்லாத 12 ஆண்டையும் கூட்டினால் 57. ஆக, எட்டாண்டுப் பால் 57 ஆண்டுத் தீவனத்தைச் சுமக்க வேண்டும். கறக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கறக்காத ஏழு ஆண்டு. இது தோராயக் கணக்குதான். காளைக்கு வேலை கிடைத்தால் சுமை குறையும், சாணத்துக்கும் விலை உண்டு. எப்படிக் குறைத்தாலும் இன்றைய பால் விலைக்குள் அடங்காது. இந்தியாவில் பால் மலிவாக இருப்பதற்கு அந்த 57 ஆண்டின் பெரும்பகுதி வாழப்படாததே காரணம். செத்த மாட்டின் தோலைப் பதனிடும் தொழிற்கூடத்தைக் கோசாலையோடு சேர்க்க வேண்டும் என்று காந்தி வற்புறுத்தியதும் இந்தச் சுமையை அறிந்துதான். பக்தர்களுக்கு அந்த யோசனை பிடித்திருக்க வாய்ப்பில்லை.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களின் வாதத்தையும் இந்தக் கோணத்தில் கேட்க வேண்டும். ஏறுதழுவல் நின்றால் காங்கேயம், புலிக்குளம் காளைக்கன்றுகளை வளர்க்கக் காரணமே இருக்காது, எல்லாம் அடிமாடாகப் போகும் என்றார்கள். எதிரில் நின்ற விலங்குரிமை அமைப்புகள் அதை மறுத்து, காளையைத் துன்புறுத்துவதைப் பற்றிப் பேசின. வாடிவாசலில் காளைக்கு நடப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பயன் போனால் காளை போகும் என்ற ஜல்லிக்கட்டு ஆதரவாளரின் கணக்கும், பாலை விடச் சொல்பவரின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை. இரு தரப்பும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அரசு கண்டுபிடித்திருக்கும் விடை ஆய்வகத்திலிருந்து வருகிறது. விந்தணுக்களைப் பிரித்தெடுத்து, பத்தில் ஒன்பது கன்று கிடேரியாகவே பிறக்கச் செய்யும் சினை ஊசி. உதகமண்டலத்தில் இதற்கென ஒரு நிலையம் இயங்குகிறது, மானிய விலையில் ஊசியும் கிடைக்கிறது. பிறக்காத காளைக்கன்றைப் பட்டினி போட முடியாது, வண்டியில் ஏற்ற முடியாது. அந்த அளவில் இது உண்மையான தணிவு, இதைக் கேலி செய்ய எதுவும் இல்லை. ஆனால் நூறு ஈற்றில் ஐம்பது கிடேரிக்குப் பதில் தொண்ணூறு கிடேரி பிறந்தால், ஐந்தாறு ஈற்றுக்குப் பின் வற்றி நிற்கப்போகும் பசுக்களும் அந்த விகிதத்தில் கூடும். தெருவில் ஏற்கெனவே நிற்கும் 50 லட்சத்தோடு அவற்றைச் சேர்ப்பதா, பொள்ளாச்சிக்கு அனுப்புவதா, ஒவ்வொரு லிட்டரிலும் சில ரூபாய் ஏற்றி அவற்றுக்குத் தீனி போடுவதா என்று எந்தத் திட்ட ஆவணமும் பேசக் காணோம்.